ஏழாவது சரக்கு

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது தாயி. அந்த நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டால் நன்றாக இருக்கும். மூட முடியாது என்றால் பேனாவையாவது கீழே வையுங்கள். பேனாவைப் பார்த்தால் எனக்கு ஒன்று சொல்லப் போய் வேறொன்று வாயில் வரும். ஏற்கெனவே ஒருதடவை அப்படி வந்துவிட்டது. அதை முதலிலிருந்து சொன்னால்தான் நீங்கள் கேட்டதற்குப் பதில் வரும். நடுவிலிருந்து சொன்னால் நான் கெட்டவள் மாதிரி ஆகிவிடும்.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து என் வீட்டு வேலி வரைக்கும் ரோட்டோரம் ஓமம் நிற்கிறதே, யார் விதைத்தது என்று கேட்டீர்கள். கேட்டது அவ்வளவுதான். விவசாயக் கல்லூரியிலிருந்து வருகிறேன், ஓமத்தை எப்படிப் பயிர் செய்கிறீர்கள், என்னென்ன வைத்தியத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதிப் போக வந்தேன் என்றீர்கள். நம்புகிறேன். கழுத்தில் அட்டை தொங்குகிறது. ஆனால் அட்டை இங்கிலீஷில் இருக்கிறது. நான் நாலாவதோடு நின்றவள். அதில் கல்லூரி என்று எழுதியிருக்கிறதா, ஆஸ்பத்திரி என்று எழுதியிருக்கிறதா, எனக்கு எப்படித் தெரியும்?

வைத்தியத்துக்கு என்று சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் தப்பு. நான் வைத்தியம் பார்க்கிறவள் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பேனாவை எடுங்கள். வெயிலம்மாள் வைத்தியம் பார்க்கிறவள் இல்லை, ஓமம் விதைக்கிறவள். எழுதியாயிற்றா. சரி, கீழே வையுங்கள்.

விதைக்கிறதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்கிறேன். அதில் எனக்குப் பயம் இல்லை. கண்மாய்க்கரைக்குக் கீழே எங்களுக்கு நாற்பது சென்ட் கரிசல். புரட்டாசி கடைசியில் ஒரு மழை விழுந்து மண் புட்டு மாதிரி ஆனதும் விதைக்க வேண்டும். விதை சின்னது, அப்படியே வீசினால் ஒரே இடத்தில் போய் விழும். மூன்று பங்கு மணலைக் கலந்து வீச வேண்டும். வீசிவிட்டு, வெட்டிப்போட்ட கருவேல முள்ளைக் கயிற்றில் கட்டி நிலம் முழுக்க ஒரு இழுப்பு இழுத்தால் மேல்மண் மூடிக்கொள்ளும். ஆழத்தில் போனால் முளைக்காது. ஒரு களையெடுப்பு. அவ்வளவுதான். அப்புறம் தண்ணீர் கேட்காது. மார்கழிப் பனியே போதும். பக்கத்தில் மல்லி வாடும், உளுந்து வாடும், இது வாடாது. வெள்ளாடு வந்து மோந்து பார்க்கும், மூக்கை உதறிக்கொண்டு போய்விடும். பூச்சி கிட்டே வராது. எனக்கு அந்தச் செடியிடம் பிடித்ததே அதுதான் தாயி. எதற்கும் பயப்படாத செடி.

தை மாதம் வெள்ளை வெள்ளையாகக் குடை விரித்த மாதிரிப் பூக்கும். மாசியில் காய் பழுப்பாகும். அப்போது விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் விதை உதிர்ந்துபோகும். தார்ப்பாயில் காயப்போட்டு, கம்பால் அடித்து, புடைத்து எடுத்தால் ஒரு மாதத்துக்குக் கையில் வாசம் போகாது. சோற்றைப் பிசைந்தாலும் ஓமம் மணக்கும். என் வீட்டுக்காரர் சொல்வார், "உன்னையக் கண்டுபிடிக்க போலீஸ் நாய் வேண்டாம், சளிப் பிடிச்சவனே போதும்" என்று. போலீஸ் என்கிற வார்த்தை அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மருந்து என்று நான் கொடுத்தது என்ன? எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். ஓமத்தை இரும்புச்சட்டியில் வாசம் வர வறுத்து, இடித்து, தண்ணீர் விட்டு ஒன்றுக்குப் பாதியாகக் காய்ச்சி, வடிகட்டி, கருப்பட்டி ஒரு துண்டு. வயிறு உப்பினால் குடிப்பது. மூக்கடைத்தால் ஓமத்தைத் துணியில் முடிந்து சூடு பண்ணி மோந்து பார்ப்பது. மாடு வயிறு ஊதிக் கிடந்தால் ஒரு படி கஷாயம் மூங்கில் குழாயில் ஊற்றுவது. இதில் என்ன இருக்கிறது? ஆனால் என் ஓமம் அந்த வருஷத்து ஓமம். கடையில் வாங்குகிறது நாலு வருஷம் மூட்டையில் கிடந்தது. அதனால் என் கஷாயத்துக்குக் காரம் அதிகம், சீக்கிரம் கேட்கும். இந்தக் காரணம் எனக்குத் தெரியும். ஆனால் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வேறு மாதிரிக் கேட்டார்கள்.

பக்கத்து வீட்டு அன்னலட்சுமிதான் கேட்டாள். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகள், எனக்கு நாத்தனார் முறை. பதினைந்து வருஷம் இருக்கும். "மதினி, நானும் ஓமத்தைத்தான் காய்ச்சுறேன். உங்க கையில கேக்குது, என் கையில கேக்க மாட்டேங்குது. அதுல வேற என்ன போடுறீக?" என்றாள்.

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "ஏழு சரக்கு இருக்கு. அதுல ஒண்ணுதான் ஓமம்" என்றேன்.

ஏன் ஏழு என்று சொன்னேன், தெரியவில்லை. மூன்று என்று சொல்லியிருக்கலாம். மற்ற ஆறும் என்ன என்று அவள் கேட்கவில்லை. எங்கள் பக்கம் கேட்க மாட்டார்கள். மருந்தின் பேரைக் கொடுக்கிறவர் சொல்லக்கூடாது, வாங்குகிறவர் கேட்கக்கூடாது. சொன்னால் பலிக்காது. அந்த வழக்கம் இருந்ததால் நான் பொய் சொன்ன மாதிரியும் இல்லை. சொல்லாமல் விட்டது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்து, ஆளாளுக்கு வீட்டில் எதையோ போட்டுக் காய்ச்சிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்போது சொன்னேன், "ஏழாவது சரக்கு அளவு தப்புச்சுன்னா ஆளக் கொன்னுபோடும். அதான் நான் யார் கையிலயும் பக்குவத்தக் குடுக்கிறதில்ல" என்று. அது அவர்கள் நல்லதுக்குத்தான் சொன்னேன். பிறகு யாரும் காய்ச்சிப் பார்க்கவில்லை. எல்லோரும் என் வாசலுக்குத்தான் வந்தார்கள். ஒருதடவை பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். நாலாவதோடு நின்றவள் முன்னால்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் ஒருநாள் சொன்னார், "என்னைக்காவது ஒருத்தன் அந்த ஆறையும் எடுத்துக் காட்டும்பான். அன்னைக்கு இருக்கு உனக்கு." நான் காதில் வாங்கவில்லை.

போன வருஷம் இதே மாசி. செவ்வாய்க்கிழமை. அவர் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார், சாயங்காலம்தான் வருவார். நான் முற்றத்தில் ஓமம் அடித்துக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். அன்னலட்சுமி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இனியா என்று பேர், அப்போது ஏழு மாதம். பின்னாலேயே பிள்ளையின் அம்மா கௌசல்யா, அன்னலட்சுமியின் மகள். பிள்ளை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீல் வீலென்று அழுகிறது. திடீரென்று நிறுத்துகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி என் வளையலைப் பார்க்கிறது. மறுபடி மடக்குகிறது, அழுகிறது.

"விடியக்காலம் இருந்து இப்படித்தான் அத்தை" என்றாள் கௌசல்யா. "ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னு கேட்டேன். அம்மாதான், அத்தைகிட்டப் போயிட்டு அப்புறம் பாப்போம்ன்னுச்சு."

ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை தாயி. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது, "வாய்வுதான், இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா" என்பது மட்டும்தான். ஒரு சங்கு கஷாயம் கொடுத்தேன். பிள்ளை கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடியது. "எங்க மதினி கையி கையிதான்" என்று அன்னலட்சுமி தூக்கிக்கொண்டு போனாள். நான் மறுபடி கம்பை எடுத்து ஓமம் அடித்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டில் சத்தம். பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்துத் துணி மாதிரித் துவண்டுவிட்டதாம். கௌசல்யா வீட்டுக்காரன் சுடலைமணி அன்றைக்கு ஊரில் இருந்தான், ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்விட்டான். ஆட்டோ என் வாசலைத் தாண்டித்தான் போனது. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் போன் அடித்தது. நான் உடனே எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தேன். சுடலைமணி.

"அத்தை, டாக்டர் கேக்காரு. என்ன மருந்து குடுத்தீக?"

"ஓமம் மாப்ள."

"ஓமம் தெரியும். அத்தை அதுல ஏழு சரக்கு போடுவாகன்னு மாமியா சொல்லிட்டாக. மீதி ஆறும் என்னன்னு கேக்காரு. அது தெரியாம வைத்தியம் பாக்க முடியாதாம்."

பேரைச் சொன்னால் பலிக்காது என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. பிறகு, "அத்தை, பிள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்குது" என்றான். அழுதானா என்று தெரியவில்லை. குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

ஒன்றுமே இல்லை மாப்பிள்ளை, வெறும் ஓமம்தான் என்று சொல்லியிருக்கலாம். இப்போது சொல்வது சுலபம். பதினைந்து வருஷமாக ஏழு என்று சொன்னவள் இப்போது ஒன்றுமில்லை என்றால், எதையோ போட்டுவிட்டு மறைக்கிறாள் என்றுதான் நினைப்பான். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அஞ்சறைப்பெட்டி எதிரே இருந்தது. பார்த்துப் பார்த்துச் சொன்னேன். சுக்கு என்றேன். மிளகு என்றேன். சீரகம், பெருங்காயம். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான், டாக்டருக்குக் கேட்கிற மாதிரி. ஆறாவதாக மஞ்சள் என்றேன். பெட்டியில் மீதி இருந்தது கடுகுதான். கடுகு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஏழாவது என்ன அத்தை? அளவு தப்புனா ஆளக் கொன்னுரும்ன்னு சொல்வீகளாமே, அது?"

கடுகு ஆளைக் கொல்லாதே தாயி. நான் என்ன செய்வேன்? நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் ஊமத்தை பூத்து நின்றது.

"ஊமத்தை" என்றேன். "ஒரே ஒரு விதை."

அவன் போனை வைக்கக்கூட இல்லை. அப்படியே ஓடுகிற சத்தம் கேட்டது.

நான் ஊமத்தை போடவில்லை. சாமி சத்தியமாகப் போடவில்லை. என் வாழ்நாளில் அதைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான். எப்படித் தொட்டேன் என்றால், போன் நின்றதும் எனக்கு முதலில் தோன்றியது, யாராவது வந்து பார்த்தால் என் வேலியில் ஊமத்தை நிற்குமே என்பது. ஓடிப்போய் ஒன்றுவிடாமல் பிடுங்கினேன். காய் முள்ளெல்லாம் கையில் குத்தியது. பிடுங்கியதைக் குழி தோண்டிப் போட்டு மூடினேன். மூடிவிட்டு நிமிரும்போது ஒரு மணி பஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிஷ வேலைதான். ஆனால் அடுத்த பஸ் ஒன்றே முக்காலுக்கு.

அதற்குள் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். பண்ணினேன். ஒரு தடவை அடித்ததும் நானே வைத்துவிட்டேன். அவன் அங்கே ஓடிக்கொண்டிருப்பான், தொந்தரவு பண்ணக்கூடாதே என்று.

ஒன்றே முக்கால் பஸ்ஸில் ஏறினேன். மருந்து மீதி இருந்த பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் எனக்கு ஒரு யோசனை வந்தது. உண்மையிலேயே போட்டுவிட்டேனோ? ஓமம் அடிக்கிற களத்தில் காற்றுக்கு ஒரு விதை பறந்து வந்து விழுந்திருக்குமோ? நான் சொன்ன பொய் எனக்கு முன்னாலேயே நடந்திருக்குமோ? பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஓமக் கஷாயம் ஓமக் கஷாயம் மாதிரித்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்தேன். மூக்கில் குழாய் விட்டிருந்தார்கள். சின்னக் கையை ஒரு அட்டையோடு சேர்த்துக் கட்டி ஊசி ஏற்றியிருந்தார்கள். ஊமத்தை என்று வயிற்றைக் கழுவியாயிற்றாம். கௌசல்யா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்னலட்சுமி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீகளா மதினி. உங்களுக்குத்தான் தெரியும். ஊமத்தைக்கு மாத்து மருந்து என்ன, சொல்லுங்க. டாக்டர் ஒத்துக்கிடாட்டாலும் நான் ஒளிச்சுக் குடுத்துருதேன்."

அப்போதும் அவள் என்னைத்தான் நம்பினாள். ஊமத்தை போட்டேன் என்று கேட்ட பிறகும்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணெல்லாம் சிவந்து இருந்தது. "நீங்கதானா அது? விதையை அரைச்சுப் போட்டீங்களா, முழுசாவா?" என்றார்.

"போடல ஐயா."

"போன்ல போட்டேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். போடல."

"அப்ப மீதி அஞ்சு?"

"அதுவும் போடல. ஓமமும் கருப்பட்டியும்தான்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். கோபம்கூட இல்லை. "அம்மா, கேசுக்குப் பயந்து மாத்திப் பேசாதீங்க. யாரும் உங்களை ஒண்ணும் செய்யமாட்டாங்க. நிஜத்தைச் சொன்னாத்தான் பிள்ளையக் காப்பாத்த முடியும்" என்றார்.

நிஜத்தைத்தான் சொன்னேன் தாயி. பொய் சொன்னபோது உடனே நம்பி எழுதிக்கொண்டார்கள். நிஜத்தை எழுத யாரும் பேனாவை எடுக்கவில்லை. அன்னலட்சுமிகூட, "சொல்லிருங்க மதினி, பலிக்காமப் போனாலும் போகுது" என்கிறாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மடியை அவிழ்த்து, பாட்டிலைத் திறந்து, இருந்த முழுவதையும் அவர்கள் முன்னால் குடித்தேன். அரைப் பாட்டில். தொண்டை எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது. அறை முழுக்க ஓமம் மணத்தது.

மருந்துத் தட்டோடு ஒரு வயதான நர்ஸம்மா நின்றார். அவர்தான் மெதுவாகச் சொன்னார், "சார், நானும் அப்பமே நெனச்சேன். ஊமத்தைன்னா கண்ணு பாப்பா விரிஞ்சுல்ல இருக்கணும். இந்தப் பிள்ளைக்கு அப்படி இல்லியே."

டாக்டர் திரும்பிப் போய்ப் பிள்ளையின் வயிற்றில் கையை வைத்தார். மெல்ல அழுத்தினார். வலது பக்கம் ஓர் இடத்தில் கை நின்றது. பிள்ளை அத்தனை நேரம் கிடந்தது கிடந்தபடி இருந்தது, அப்போது கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டதும் கௌசல்யா உட்கார்ந்துவிட்டாள். உடனே தூக்கிக்கொண்டு ஸ்கேன் எடுக்க ஓடினார்கள். குடல் குடலுக்குள்ளேயே சொருகிக்கொண்டிருந்ததாம். விடியற்காலையிலிருந்தே. ஓமத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை டாக்டரே சொன்னார். என் காதால் கேட்டேன். "ஓமத்தால ஒண்ணும் ஆகலை" என்றார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் நடக்கிறபோது என்னை வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஊமத்தை குடித்திருந்தால் புத்தி பேதலிக்குமாம். நர்ஸம்மா கால்மணிக்கு ஒருதடவை வந்து என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார். "உங்க பேரு என்ன? இன்னைக்கு என்ன கிழமை?" என்பார். "வெயிலம்மாள், செவ்வாய்க்கிழமை" என்பேன். ஒவ்வொரு தடவையும், தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கும். அன்னலட்சுமி எதிர்ப் பெஞ்சில் இருந்தாள். நாலாவது தடவை நர்ஸம்மா போனபிறகு அவள் கேட்டாள்.

"வெறும் ஓமமா மதினி?"

"ஆமா."

"பதினஞ்சு வருசமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஒரு விரல் நீளம் குடலை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து சுடலைமணியிடம் சொல்லும்போது, ரெண்டு மணி நேரம் முந்தி வயித்தைப் பாத்திருந்தா வெட்டாமலே சரிபண்ணியிருக்கலாம் என்றார். அது அவர் பொதுவாகச் சொன்னது. டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் சுவரைத்தான் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "கடுகுன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

போலீஸ் வரும் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். யாரும் வரவில்லை. அன்னலட்சுமி சண்டைக்கும் வரவில்லை. மதினி என்றுதான் கூப்பிடுகிறாள். முன்பு கூப்பிட்ட மதினி வேறு, அதை என்னால் சொல்லிக்காட்ட முடியாது.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வேறு மாதிரிக் கதை போயிருக்கிறது. ஊமத்தை போட்டும் பிள்ளை பிழைத்தது, அவளே அரைப் பாட்டில் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை, அப்பேர்ப்பட்ட கைக்காரி என்று. முன்பு மாதத்துக்கு நாலு பேர் வருவார்கள், இப்போது வாரத்துக்கு நாலு பேர். கைப்பிள்ளையோடு வருகிறார்கள். அது வெறும் ஓமம், உங்கள் வீட்டிலேயே இருக்கும் என்றால் கேட்பதில்லை. "எங்களுக்குக் குடுக்க மனசில்ல, அப்படித்தான?" என்று ஒருத்தி என் வாசலில் மண்ணை வாரித் தூற்றாத குறை. முன்பு ஒன்றும் இல்லாததை இருக்கிறது என்றேன், நம்பினார்கள். இப்போது இல்லாததை இல்லை என்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறார்கள். இந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கு நாளைக்குக் குடல் சொருகினால்? வயிற்றை நான் தொட்டுப் பார்த்தால் எனக்கு என்ன தெரியும்?

ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றுதான் சொல்கிறேன், ஒவ்வொருவரிடமும். போகிறோம், முதலில் நீங்கள் ஒரு சங்கு கொடுங்கள் என்கிறார்கள்.

யோசித்தேன். என் வீட்டுக்குள் இருக்கிறவரைக்கும்தான் அது மருந்து. புரட்டாசியில் மழை விழுந்ததும் விதை முழுவதையும் எடுத்தேன். கரிசலுக்குப் போகவில்லை. மணலைக் கலந்து மடியில் கட்டிக்கொண்டு, ஆள் எழும்புவதற்கு முன்னால் ரோட்டுக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் வீசிக்கொண்டே வந்தேன். முள்ளைக் கட்டி இழுத்தேன். வேலியோரம் ஊமத்தை பிடுங்கின இடத்தில் ஒரு கை கூடுதலாகப் போட்டேன். ரோட்டோரத்து மண் மண்ணே இல்லை, கல்லும் தாரும். அதிலும் வந்துவிட்டது பாருங்கள். பஸ் புழுதி அடிக்கிறது, லாரி ஏறிப் போகிறது, நிற்கிறது.

இப்போது யார் வந்தாலும் கதவைத் திறப்பதில்லை. ஜன்னல் வழியாகவே சொல்லிவிடுவேன், ரோட்டோரம் நிற்கிறது, பார்த்துப் பறித்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றுதான் இருக்கிறது, ஏழு இல்லை என்று. கண்ணால் பார்த்தால் நம்புகிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நாலு காயைக் கசக்கி மோந்து பார்க்கிறார்கள், மடியில் முடிந்துகொள்கிறார்கள். என் வாசலுக்கு இந்த மாசியில் ஒருவரும் வரவில்லை. பெரிய டீச்சரும் ரோட்டோரம்தான் குனிந்து பறித்துக்கொண்டு போனார். நீங்கள்தான் முதல் ஆள். உங்களுக்கும் நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன், அட்டையைப் பார்த்துப் பயந்துதான் திறந்தேன்.

இனியா இப்போது நடக்கிறாள். வயிற்றில் தழும்பு ஒரு வெள்ளைப் பூரான் மாதிரி இருக்கிறது, சட்டை தூக்கும்போது தெரியும். வேலியோரம் வந்து ஓம இலையைக் கிள்ளி வாயில் போடுகிறாள். ஒவ்வொரு தடவையும் நான் ஜன்னலுக்கு ஓடி வருகிறேன். அன்னலட்சுமி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், பிடுங்குவதில்லை. "ஓமம்தான, திங்கட்டும்" என்கிறாள், எனக்குக் கேட்கிற மாதிரி.

யார் விதைத்தது என்று கேட்டீர்கள். இப்போது பேனாவை எடுங்கள். தானாக முளைத்தது என்று எழுதுங்கள். ரோடு யாருடைய இடமோ, நாளைக்கு அவர்கள் வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்? எங்கே விழுந்தாலும் வருகிற செடி என்று நீங்களே சொன்னீர்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள். என் பேரை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

விதை கொஞ்சம் கேட்டீர்கள். என் கையால் தரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போகிற வழியில் வலது பக்கம் இரண்டாவது மைல்கல்லுக்கு அடியில் நன்றாக முற்றி நிற்கிறது, நீங்களே பறித்துக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள் தாயி. நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகு பறியுங்கள்.